வேறுபாடு இல்லை

லெம்விக் துறைமுகத்தில்
மீன் ஏலக் கூடத்தின் பின்சுவரை ஒட்டி
நவம்பரில் எங்கள் ஸ்கேன் வண்டி நிற்கும்.
அறுபத்தைந்து தாண்டிய ஆண்கள்
சட்டையை மார்புவரை சுருட்டிக்கொண்டு
ஒவ்வொருவராய்ப் படுப்பார்கள்.
கூழ் குளிரும் என்பேன்.
கடலைவிடவா என்பார்கள்.
ஐந்து வருடமாக இதே நகைச்சுவை,
ஐந்து வருடமாகச் சிரிக்கிறேன்.

தொப்புளுக்கு மேலே, முதுகெலும்பின் முன்னே
பெருந்தமனி துடிக்கிறது.
திரையில் அது ஒரு கறுப்பு வட்டம்.
பெருவிரல் பருமன் என்றால் வீட்டுக்குப் போகலாம்.
முப்பது மில்லிமீட்டர் தாண்டினால்
என் பட்டியலில் ஓர் எண்.
ஐம்பத்தைந்து என்றால் கத்தி.
இடைப்பட்ட இருபத்தைந்தில்தான்
நான் குடியிருக்கிறேன்.

வலிக்காது. அதுதான் அதன் கெட்ட குணம்.
உள்ளே சுவர் நைந்துகொண்டே வரும்;
ஆள் உருளைக்கிழங்கு உரிப்பார், ஓட்டுப் போடுவார்,
புது சைக்கிளுக்கு விலை கேட்டு மலைப்பார்.
ஒரு நாள் குனிந்து காலணி வாரை இழுக்கும்போது
அதற்கு மேல்
பிரேதப் பரிசோதனைக் குறிப்பில்
இரண்டே வரி.

அந்தச் சுவரை நறுக்கி, சாயமேற்றி,
கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.
நல்ல தமனியில் மீள்நார்கள்
ஈரமணலில் நீர் வடிந்த தடம்போல
வரிவரியாய்க் கிடக்கும்.
கெட்டதில் வரிகள் இல்லை, மணல் மட்டும்.
அந்த அழிவை நிறுத்த ஒரு மாத்திரை.
எலிகளில் நிறுத்தியது.
எலிகளில் எல்லாமே நிற்கிறது.

இருநூற்றுப் பதினான்கு பேர்.
பாதிப் பேருக்கு மருந்து,
மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மாவு.
யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பது என் வேலையில் ஒரு பகுதி;
அதற்கும் சம்பளம் உண்டு.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை
ஆர்ஹூஸில் முத்திரையை உடைத்தோம்.
கணக்குப் பார்க்கும் தோர்கில்
கணினியை என் பக்கம் திருப்பினான்.
இரண்டு கோடுகள்,
ஒரே குடைக்குள் நடக்கும் இருவர்போல.
தப்பாக ஏற்றிவிட்டாயா என்றேன்.
காப்பி கொண்டுவருகிறேன் என்று போனான்.
காப்பி வர வெகுநேரம் ஆயிற்று.

எல்லோரையும் நானே தொலைபேசியில் அழைத்தேன்.
நூற்றிப்பதினேழாம் எண் எஸ்கில் டம்கோர்,
முப்பது வருடம் கானாங்கெளுத்தி பிடித்தவர்.
"சொல், ஸோல்வாய், எனக்கு எது?"
மாவு.
மறுமுனையில் காற்று மட்டும் பேசியது. பிறகு,
"அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து
முழங்கால் தேவலை என்று
மனைவியிடம் சொல்லிவிட்டேனே."
தேவலைதானே?
"தேவலைதான்."
அப்படியே இருக்கட்டும்.

வைத்த பிறகுதான் அவர் வரிசையைப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
புகைக்கிறார். இரத்த அழுத்தம் படுமோசம்.
மாத்திரையை உப்புப் போட்ட வெண்ணெயோடு விழுங்கினாராம்.
பெருத்து வெடித்திருக்க வேண்டிய சுவர்.
எலிகளுக்கும் எனக்கும் தெரியாத ஏதோ ஒன்று
உள்ளேயிருந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரே ஓர் ஆள் என்பது சான்று இல்லை,
வதந்தி என்பான் தோர்கில்.
சரி.
கட்டுரையை எழுதி அனுப்பினேன்.
ஐந்து வருடம்; முடிவுரையில்
இரண்டு சொல்.

இந்த நவம்பரில் வண்டிக் கதவைத் தட்டினார் எஸ்கில்.
ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்றேன்.
"உனக்கு முடிந்தது," என்றார், "எனக்குத் துடிக்கிறதே."
தொப்பியைக் கழற்றாமலே ஏறிப் படுத்தார்.
மூச்சைப் பிடிக்கச் சொல்லி
வட்டத்தின் இரு ஓரங்களிலும்
சிலுவைக் குறி வைத்தேன்.
நாற்பத்திரண்டு.
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி;
மருத்துவமனைக் கணினியில்
அதற்குக் கட்டம் இல்லை.