கிளிக் ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்

மாதா கோயில் பின்சுவர் ஓரம்
இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும்.
அங்கே நின்றுதான் பார்த்தேன்,
தேடுகிறவர் கண்ணில் என் கடை முதலில் பட
போன மாதம் கட்டிய காசு
எங்கே போயிற்று என்று.

இரண்டாயிரத்து நானூறு.
கிளிக் ஒன்றுக்குப் பன்னிரண்டு.
இருநூறு பேர்
தாண்டிக்குடிக்கு பஸ் ஏறாமலே
என் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார்கள்.
பொட்டலம் வாங்கியவர் ஏழு.

அரைக்கிலோவில்
வறுவல், அரைவை, பை,
வத்தலக்குண்டு கூரியர் எல்லாம் போக
கையில் நிற்பது நூற்றுப் பத்து.
ஏழுக்கு எழுநூற்று எழுபது.
மீதியை நான் சொல்லவில்லை.
அந்தோணியம்மாதான் சொன்னாள்,
களத்தில் காயும் காபியைக் காலால் கிளறிக்கொண்டே:
"ஆயிரத்து அறுநூத்தி முப்பது.
ஒரு ஆளு நாலு நாள் பழம் பறிக்கிற கூலி."

வந்தவர்கள் என்ன எழுதித் தேடினார்கள் என்று
ஒரு பட்டியல் இருக்கிறது.
அதை ராத்திரியில் படிக்கக் கூடாது.

காபி குடித்தால் முடி கொட்டுமா. பன்னிரண்டு ரூபாய்.
காபி எஸ்டேட் வாட்ச்மேன் வேலை தங்குமிடத்துடன். பன்னிரண்டு.
தாண்டிக்குடியில் இன்று மழையா. இரண்டு பேர், இருபத்து நான்கு.
மாமனாருக்குப் பிடித்த மாதிரி காபி போடுவது எப்படி.
யாரம்மா நீ,
உனக்குப் போன பன்னிரண்டுக்கு வருத்தமில்லை.

'ரெஜினாள் காபி' என்று
என் பெயரையே எழுதி வந்தவர்கள் மூன்று பேர்.
மூவரும் வாங்கியிருக்கிறார்கள்.
வீட்டுக்கு வருகிற சொந்தக்காரனுக்கு வழிகாட்ட
முச்சந்தியில் கூலிக்கு ஆள் நிறுத்தியிருக்கிறேன்.

மிச்சம் நாலு.
அதில் ஒன்று திருப்பூரிலிருந்து என் கொழுந்தன் சவரிராஜ்.
"வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாத்தேன் மதினி."

மிச்சம் மூன்றில்
இரண்டு பேர் அதோடு சரி.
காரைக்கால் மெஹருன்னிசா மட்டும்
முதல் வாரம் வாங்கி
மூன்றாம் வாரம் வாங்கி
நேற்று மறுபடி.
வருஷம் முழுக்க அவள் ஃபில்டரில் என் தூள் இறங்கினால்
அவள் ஒருத்தியே அந்த மாதத்தை அடைத்துவிடுவாள்.
ஆனால்
முகம் பார்க்காத ஒருத்தியின்
இன்னும் விடியாத காலைகளை
வரவில் எழுதுவது எப்படி?

பேசிப் பார்த்தேன்.
"பக்கத்து வீட்ல ஒரு டம்ளர் கொடுத்தாங்க.
கவரைத் தூக்கிப் போட்டுட்டாங்க, கடைப் பேரு தெரியல.
ஊர்ப் பேரு மட்டும் ஞாபகம் இருந்துச்சு.
அடிச்சேன், மேல நீங்க இருந்தீங்க."

டம்ளர் இல்லையென்றால் தேடியே இருக்க மாட்டாள்.
பன்னிரண்டு ரூபாய் இல்லையென்றால்
தாண்டிக்குடி எந்தத் திசை என்றே தெரியாத
ஏதோ ஒரு பெரிய கம்பெனி
அந்த இடத்தில் நின்றிருக்கும்.
யார் அழைத்து வந்தது அவளை?
பட்டியல் பன்னிரண்டு ரூபாய் என்கிறது.
பட்டியலுக்கு நாக்கு கிடையாது.

இன்றைக்கு வார்த்தைகளை ஒவ்வொன்றாக விலக்கினேன்.
முடி. வேலை. வாட்ச்மேன்.
மாமனாரையும்.
கடைசியாக என் பெயரை.
ஊர்ப் பேரோடு வந்தால் மட்டும் போதும்,
நாளைக்கு இருபத்து நான்கு ரூபாய், இரண்டே ஆள்.
இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றேன்.
அந்தோணியம்மா சரி என்றும் சொல்லவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
"பையில பேரைப் பெரிசாப் போடு" என்றாள்.
"தூக்கிப் போட்டாலும் கண்ணுல நிக்கணும்."

மழை என்ற வார்த்தையிடம் வந்தபோது
திரையில் முதல் துளி விழுந்தது.
துடைத்தேன். விலக்கத் தோன்றவில்லை.
அந்த இரண்டு பேருக்கும்:
ஆமாம், பெய்கிறது.
பேச நேரமில்லை,
காபியை வாரிக்கொண்டிருக்கிறோம்.