ஒன்று பதினாறு

பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும்.
ஆறு வருடம் இதைச் சொல்லிச்
சம்பளம் வாங்கியிருக்கிறேன்.
சிவப்பு மையில் சரி போட்டேன், நட்சத்திரம் ஒட்டினேன்.
ஒருநாளும் வெளியே போய்ப் பார்த்ததில்லை.

இந்தச் செப்டம்பரில் ப்ரொஜெக்டர் விளக்கு போய்விட்டது.
அதுதான் காரணம்.
புது முறை, புரட்சி என்று யாரும் நினைக்க வேண்டாம்.
எட்டாம் தேதி. ஆண்டு மூன்று. இருபத்தோரு பேர்.
கேன்டீனில் கேட்டு வாங்கிய ஒரு சாத்தே குச்சி,
அதை நிறுத்த ஓர் உருண்டை பிளாஸ்டிசின்,
ஜெலுத்தோங் வெயிலில் கொதிக்கும் பூப்பந்துத் தளம்.

பத்து மணிக்கு முதல் புள்ளி.
நிழல் கொடிமலைப் பக்கம் கால்நீட்டிப் படுத்திருந்தது.
லோகவர்மன் அளவுகோல், மொனிஷா அட்டவணை.
"நிழல மிதிக்காதீங்க" என்று கத்திக் கத்தி
எல்லார் காலையும் மிதித்தான் கிருத்திகேஷ்.

பன்னிரண்டு அடித்ததும் கை தட்டினேன்.
ஏழு செண்டிமீட்டர். இதுதான் மிகக் குட்டை, எழுதிக்கொள்ளுங்கள்.
இருபது பென்சில்கள் குனிந்தன.
தனுஷியா மட்டும் குச்சியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"டீச்சர், இன்னும் சுருங்குது."

பன்னிரண்டு பத்து: ஆறு.
பன்னிரண்டு இருபது: ஐந்து.

குச்சி சாய்ந்திருக்கும் என்றேன்.
நூலில் அழிப்பானைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள்.
சாயவில்லை.
தளம் சரிவு என்றேன்.
யாருடைய பையிலிருந்தோ ஒரு கோலிக்குண்டு வந்தது.
வைத்த இடத்தில் அப்படியே நின்றது, சனியன்.
அதற்குமேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.
நானும் தரையில் உட்கார்ந்தேன்.

நான்கு. மூன்று.
பிறகு ஒரு மேகம்.
இருபத்தோரு பேரும் வானத்தை அண்ணாந்து
வகுப்பில் பேசக்கூடாத சொற்களைப் பேசினார்கள்.
காதில் விழாததுபோல் இருந்தேன்.

ஒரு மணிக்கு வேன்.
சூசைமாணிக்கம் ஹாரனை அழுத்தினார், மறுபடி அழுத்தினார்,
இறங்கியே வந்துவிட்டார்.
"என்ன டீச்சர், சுங்கை நிபோங் பிள்ளைங்க காத்திருக்கும் லா."
"அங்கிள், ஒங்க நிழல் விழுது. தள்ளுங்க."
தள்ளினார்.
கொஞ்ச நேரத்தில் குந்தினார்.
சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்,
சத்தம் போட்டால் நிழல் ஓடிவிடும் என்பதுபோல.

ஒன்று பதினாறு.
குச்சிக்கு நிழல் இல்லை.

யாரும் கத்தவில்லை.
கிருத்திகேஷ்கூட.
மொனிஷா அட்டவணையில் ஒரு சுழி போட்டாள்,
போட்டதன்மேல் இன்னொரு தரம் போட்டாள்.

ஒன்று இருபத்தைந்துக்கு மறுபக்கத்தில்,
கடலைப் பார்த்து,
நூல்போல ஒன்று எட்டிப் பார்த்தது.
"திரும்பிடுச்சு!" என்று முதலில் சொன்னவர்
வேன்காரர்தான்.

அன்றிரவு தேடிப் படித்தேன்.
சபா சரவாக்குக்கு ஒத்துப்போக
என்றோ நம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்களாம்.
அதற்கு முன்பே அது கொஞ்சம் அவசரக் கடிகாரம்தானாம்.
சூரியனுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.
போர்னியோவைக் கடந்து, கடல் கடந்து,
அதன் நேரத்துக்கு அது வருகிறது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: நான் சொன்னது தப்பு.
"ஆறு வருசமாவா டீச்சர்?" என்றான் லோகவர்மன்.
ஆமாம் என்றேன்.
முன்னாள் மாணவர்களை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

போன வாரம் சோதனை.
ஒன்பதாம் கேள்வி: நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கும்?
விடைப்பட்டியல் சொல்கிறது: ஆ. நண்பகல் 12.
இருபது பேர் ஆ-வை வட்டமிட்டிருந்தார்கள்.
பார்த்தவர்கள்தாம், எண்ணியவர்கள்தாம்,
சோதனை என்றால் என்னவென்றும் தெரிந்தவர்கள்.

தனுஷியா எதையும் வட்டமிடவில்லை.
ஓரத்தில் எழுதியிருந்தாள்:
"பினாங்கில் 1.16. அன்னிக்கு நிலல் இல்லை."

தாள் என் இழுப்பறையில் இருக்கிறது.
மதிப்பெண் கட்டம் இன்னும் காலி.
இப்போதைக்கு
ல-வை மட்டும் அடித்து
ழ போட்டிருக்கிறேன்.