எர்த் கேட்காத சுருள்

ஜனவரியில் டுலூத்தில்
தரைக்கம்பி இறங்காது.
சம்மட்டியின் காம்புதான் பிளந்தது.
நாலடி ஆழத்துக்கு மண்ணெல்லாம் இரும்பு.
அதனால்தான் இருமுனைச் சுருள்:
குறுக்கே படுத்திருக்கும்,
இடுப்பில் ஊட்டினால் போதும்,
ஒரு கோடி ஏறும்போது மறு கோடி இறங்கும்,
பூமியிடம் கைமாற்று கேட்காது.

நாலங்குலக் கழிவுநீர்க் குழாயில்
நவம்பர் விடுமுறையில் சுற்றத் தொடங்கினேன்.
இரவெல்லாம் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
அடுத்தவர் ரத்த அணுக்களை எண்ணிவிட்டு வருகிறவள்;
எண்ணுவது எனக்குப் புதிதல்ல.
ஆனாலும் அறுநூற்று நாற்பதில்
பனி வாரும் லாரி தெருவையே உலுக்கிப் போனது.
நாற்பதா, ஐம்பதா?
பிரித்தேன்.
முதலிலிருந்து.

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு சுற்று.
இந்தப் பக்கம் நானூற்று ஐம்பத்தாறு, அந்தப் பக்கமும் அதே.
நட்டநடுவே சிவப்பு மையில் ஒரு கோடு.
அங்கே அழுத்தம் சைபர்,
கணக்கின்படி.

வீடும் இரட்டை வீடுதான், நடுவில் ஒற்றைச் சுவர்.
அந்தப் பக்கம் என் தம்பி வெண்டல்.
அக்டோபரிலிருந்து பேச்சில்லை.
ஏன் என்று கேட்டால்
ஆளுக்கொரு காரணம் சொல்வோம், இரண்டும் உண்மையாக இருக்கும்.
கராஜ் மட்டும் பொது.
அதில் அவனுடைய மான்கறி ஃப்ரீசர்,
என்னுடைய சுருள்,
உத்தரத்தில் இருவர் பெயரிலும் ஓர் அலுமினியப் படகு.

மூடிப்போன மதுக்கடையின் நியான் பலகைக்குள் இருந்த மின்மாற்றி,
ஒன்பதாயிரம் வோல்ட்.
முதல் தடவை ஸ்விட்சைப் போட்டபோது
கொம்புகளில் ஒன்றுமே இல்லை.
இடுப்பில்தான் பற்றியது.
சிவப்புக் கோட்டுக்கு இரு விரல் இடப்புறம்
பொறி வழுக்கி, கீழ்ச் செம்புக் குழாயில் விழுந்தது.
கருகிய வார்னிஷ் வாடையோடு தூங்கப் போனேன்.

கவ்வியை ஐந்தாம் சுற்றில் வைத்தேன், ஐந்தரையில் வைத்தேன்.
ஆறேகாலில், தள்ளி நிறுத்தியிருந்த குழல்விளக்கு
கம்பியே இல்லாமல் எரிந்தது.
இசைவு அங்கேதான் இருந்தது.
நடுதான் நடுவில் இல்லை.

மூன்று நாள் கழித்து,
வேலை முடிந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
வெறுமே நின்றபோது தெரிந்தது:
வலக் கோடியிலிருந்து ஒரு முழம் தள்ளி
வெண்டலின் ஃப்ரீசர்.
ஆளுயரத் தகரம்.
தொடாமலே அந்த முனையைக் கனக்க வைத்து
சைபரைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டிருக்கிறது.

அதன் கால்கள் தரையோடு உறைந்திருந்தன.
சேர்ந்து நகர்த்தலாமா என்று கேட்டிருக்கலாம்.
அவன் கதவு பதினோரு எட்டு.
கேட்கவில்லை; படகை இறக்கினேன்.
இடக் கோடிக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தலாக நிறுத்தி
ஒரு சாண் தள்ளி,
அரைச் சாண் இழுத்து,
மறுபடி ஒரு விரல் தள்ளி,
தங்கம் நிறுக்கிறவள்போல
காற்றை நிறுத்தேன்.

இரவு ஒன்பது மணி.
காதடைப்பான். பத்தடி தள்ளிக் கால்மிதி ஸ்விட்ச்.
இரண்டு கொம்பிலிருந்தும் ஊதா நூல்கள் கிளம்பி
வெட்டவெளியைத் துழாவின,
தவறின,
பிடித்துக்கொண்டன.
ஒன்றரைச் சாண்! கோடித்துணி கிழிகிற சத்தம்.
சிவப்புக் கோட்டில் ஒரு பொட்டுப் பொறி இல்லை.

சுவருக்கு அப்பால் ஹாக்கி வர்ணனை கரகரத்துச் செத்தது.
எதிர்வீட்டு ஹாவிஸ்டோக்களின் கராஜ் கதவு
தானே திறந்து, யோசித்து, தானே மூடியது.

வெண்டல் வந்தான்,
ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் செருப்பு.
நான் பிளக்கைப் பிடுங்கும்வரை வாசலிலேயே நின்றான்.
படகைப் பார்த்தான்.
ஃப்ரீசரைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தான்.
"உருகலையே?" என்றேன்.
இல்லையென்று தலையசைத்தான்.
பிறகு படகின் மூக்கைப் பிடித்து
ஓர் அங்குலம் தன் பக்கமாக இழுத்துவிட்டு
"இப்பப் போடு" என்றான்.

போட்டேன்.
பொறி அரை விரல் குட்டையாகிவிட்டது.
சொல்லவில்லை.