மஞ்சள் செவ்வகம்

அக்ஸ்பிரிட்ஜ் வீட்டை வாங்கிய முதல் ஆடியில்
பின்வளவில் அது வந்தது:
எட்டடி நீளம், ஐந்தடி அகலம்,
அடிமட்டம் வைத்துக் கீறினமாதிரி
மஞ்சளாய் ஒரு செவ்வகம்.
சுற்றிவர எல்லாம் பச்சை.

பகீரதன் குந்தியிருந்து விரலால் கிண்டினார்.
ஒரு சாண் மண். அதற்குக் கீழே
டங் என்றது கொங்கிறீற்.
"தாங்கி" என்றார்,
கள்ளனைக் கண்டவர்போல.

ஸ்காபரோவில் பதினேழு வருடம் அடுக்குமாடி.
அமத்தினால் போகும்.
எங்கே போகும் என்று ஒருவரும் கேட்டதில்லை.
இங்கே அது எங்கேயும் போவதில்லை.
குசினியிலிருந்து முப்பது அடி தள்ளி,
புல்லுக்குக் கீழே
எங்களோடுதான் இருக்கிறது.

கீழே ஆயிரம் கலன் ஈரம்,
மேலே நாவறண்ட புல்.
நடுவில் கொங்கிறீற். ஒரு சொட்டும் ஏறாது.

கிடக்கட்டும் என்றேன். அவருக்கு ஏலாது.
பக்கத்து வீட்டு டொரீன் வேலிக்கு மேலால் பார்ப்பாள்,
பார்த்துவிட்டு மழையைப் பற்றிக் கதைப்பாள்.
அதுதான் அவரைத் தின்றது.

முதல் வருடம் விதை. குருவிகளுக்குப் போனது.
அடுத்த வருடம் சுருட்டி விற்கிற புல்,
பாய்போலக் கொண்டுவந்து விரித்தார்.
ஆவணிக்குள் அது பாயே ஆனது.
மரம் வைப்போமா என்றேன்.
வேர் போய் உடைக்கும் என்றார்.
தக்காளி?
அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் நாலு அங்குலம் மண் கூடப் போட்டு,
ஆழ வேரோடும் ஃபெஸ்க்யூ தூவி, வைக்கோல் மூடி,
விடிய ஐந்து மணிக்கு வேலைச் சப்பாத்தோடு
குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
பகீரதப் பிரயத்தனம் என்று
யன்னலுக்குள் நின்று சிரித்தேன்.
அந்தப் பெயர்க்காரன் தண்ணீர் கொண்டுவந்தது
முன்னோரின் சாம்பலுக்கு.
இவர் கொண்டுவந்தது
நேற்றைய சோற்றுக்கு.

அடுத்த ஆனியில் செவ்வகம் இல்லை.
எங்கே இருந்ததென்று எனக்கே தெரியவில்லை.
"நல்ல புல்" என்றாள் டொரீன்.
அன்றிரவு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

ஐப்பசியில், நன்றியறிதல் வார இறுதிக்கு
இருபத்திமூன்று பேர் வந்திருந்தார்கள்.
ஞாயிறு காலை
நிலவறைக் குளியல்தொட்டி ஏப்பம் விட்டது.
பிறகு, அதுவாகவே நிரம்பியது.

லொறியோடு வந்த வேய்ன் கேட்டான்: "மூடி எங்கே?"
பகீரதன் அங்கே போனார், இங்கே வந்தார்.
பழைய சொந்தக்காரர் விட்டுப்போன கடதாசியில்
ஆப்பிள் மரத்திலிருந்து பதினாலு எட்டு என்றிருந்தது.
ஆப்பிள் மரம் இல்லை.
எட்டு யாருடையது என்றும் எழுதியிருக்கவில்லை.

வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதுபோல
வேய்ன் இரும்புக் கம்பியால் குத்திக்குத்திப் போனான்.
பதினோராவது குத்தில் டங்.
மண்வெட்டியை அவனிடமிருந்து வாங்கி
அந்தப் புல்லை அவரே வெட்டினார்.
தூக்கியபோது தொங்கியது,
ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாய்,
வெள்ளை வெளேரென்று வேர்.
"இவ்வளவு நல்ல வேர் நான் கண்டதில்லை" என்றான் வேய்ன்.
அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மூடி திறந்தது.
வந்தவர்களையெல்லாம் "ஊரிலை எவ்விடம்?" என்று கேட்டுப்
பிரித்துப் பிரித்து வைத்த சித்தப்பா
மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.
அதற்குள் ஒன்றும் பிரிந்திருக்கவில்லை.

மிச்ச விதை மூட்டை கராஜில் கிடக்கிறது.
நான் கேட்கவில்லை.

மார்கழி. முதல் பனி.
வளவெல்லாம் வெள்ளை.
அங்கே மட்டும், எட்டுக்கு ஐந்து,
கறுப்பாய் ஈரம்:
நாங்கள் குளித்த தண்ணீரின் சூடு.
டொரீனின் பூனை, பனியில் கால் உதறி உதறி வந்து,
அதன் நடுவில் சுருண்டு படுத்தது.

பகீரதன் தேத்தண்ணியோடு யன்னலடியில் நின்றார்.
விரட்டவில்லை.