சின்னக் கோடு

வட்டவளையில் ஏறி
நாவலப்பிட்டி தாண்டும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
செமஸ்டருக்குப் பதினைந்து கிழமை.
திங்களில் விழுகிற போயா, தீபாவளி,
எப்படியும் வரப்போகிற ஒரு பகிஷ்கரிப்பு,
கடுகண்ணாவையில் மண் சரிந்தால் இன்னும் இரண்டு நாள்.
கழித்தால் பதின்மூன்று.
மடியில் புது சீ.ஆர். கொப்பி.
பெயர் எழுதவில்லை இன்னும்.

பழைய கொப்பியும் பையில்தான்.
முதல் பக்கத்தில் சிவப்பு மைத் தலைப்பு,
அடிமட்டம் வைத்து இழுத்த ஓரக்கோடு.
மூன்றாம் கிழமையில் கோடு நின்றிருக்கிறது.
ஐந்தில் எழுத்து சாய்ந்திருக்கிறது.
ஒன்பதில்
முன்வரிசைக்காரியின் கொண்டை,
மின்விசிறி,
மறுபடியும் கொண்டை.

புள்ளிவிபரவியல்: சீ மைனஸ்.
சீ என்றுதான் வீட்டில் சொன்னேன்.
போனை வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து
அம்மா கேட்டாள்:
"பக்கத்துல அந்தச் சின்னக் கோடு என்னா புள்ள?"
மாதா மாதம் சம்பளத் துண்டில்
கழிவுகளை முதலில் வாசிக்கிறவளிடம்
எந்தக் கோட்டை மறைப்பது?

பேராதனையில் இறங்கும்போது தூறல்.
விடுதி அறையில் ஹிருணி
நாலு நிறப் பேனையால் நேரசூசி வரைந்துகொண்டிருந்தாள்.
எனக்கும் நேரசூசி போட நன்றாக வரும்.
போட்ட களைப்பில் ஒரு நாள் முழுக்கத் தூங்குவேன்.
இந்த முறை அது வேண்டாம்.
ஒன்று போதும்:
விளங்காததை
விளங்காத அன்றைக்கே கேட்பது.

செவ்வாய், காலை எட்டு.
யன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை இல்லை,
பனிமூட்டம்தான் இருந்தது.
பலகையில் நியம விலகல்.
வித்தியாசங்களை எடுத்து
ஒவ்வொன்றையும் வர்க்கித்தார் மேடம்.
ஏன் வர்க்கிக்க வேண்டும்?
போன வருடமும் இதே இடத்தில்தான்
நான் கொண்டைக்குப் போனேன்.

கை உயர்ந்தது. என்னுடையதுதான்.
ஆங்கிலத்தில் வசனத்தைத் தொடங்கி
நடுவில் வினைச்சொல் கிடைக்காமல்
"வை ஸ்குவெயார், மேடம்?" என்று
மூன்று சொல்லில் இறக்கி வைத்தேன்.
காது சுட்டது.

மேடம் சோக்கட்டியைக் கீழே வைத்தார்.
அப்படியே கூட்டினால்
கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று தின்றுவிடும்,
மிச்சம் பூச்சியம்,
ஒருவருக்கும் ஒன்றும் நடக்காததுபோல் தெரியும் என்றார்.

அவ்வளவுதான்.
பிறகு கேட்டது, எனக்குப் பின்னால்
அறுபது பேனைகள்
ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கிய சத்தம்.

கெண்டீனில் தேத்தண்ணி வரிசையில்
அக்குறணை நிஸ்மியா தோளைத் தட்டினாள்:
"நல்ல வேளை நீ கேட்டாய்.
வியாழன் அஞ்சு மணிக்கு ஒரு குப்பி போடுவமா?"
பெயர் என்னவோ குப்பி விளக்குக் காலத்தது.
நாங்கள் கூடியது போன் வெளிச்சத்தில்,
மின்சாரம் போன மண்டபப் படியில்,
ஆறு பேர், ஒரு பக்கெட் மாரி பிஸ்கட்,
அதில் நான் ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன்.
தப்பாக.
ஹிருணி திருத்தினாள், பாதி சிங்களத்தில்.
அப்போதுதான் விளங்கியது.

நான்காம் கிழமை வெள்ளி வகுப்புக்குப் போகவில்லை.
காய்ச்சல் என்று சொன்னேன்.
காய்ச்சல் இல்லை. மழை, போர்வை.
அந்தப் பக்கத்தை விட்டுவைத்து
திங்கள் இரவு நிஸ்மியாவின் கொப்பியிலிருந்து நிரப்பினேன்,
என் வெள்ளிக்கிழமை
அவளுடைய உருண்டை எழுத்தின் சாயலில் இருக்கிறது.

ஆறாம் கிழமை முடிவில் அம்மா எடுத்தாள்.
கொழுந்து நிறுவை முடிந்த நேரம்,
பின்னால் ஆட்களின் சத்தம்.
"கோடு போயிருச்சா?"
"இன்னும் ஒம்பது கிழமை இருக்கும்மா."
"சரி, சாப்புடு" என்றாள்.

நாற்பத்தோராம் பக்கம்.
ஓரத்தில் ஒரு கொண்டை,
சின்னதாக, ஒன்றே ஒன்று.
பக்கத்தில்
சூத்திரம் முழுவதும் இருக்கிறது.