பெக்கி

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில்,
நான் வேலைக்குச் சேர்ந்த அன்று
மேட்ரன் பட்டியலை வெளிச்சத்தில் பிடித்து
என் பெயரை மென்று பார்த்தாள்.
பெட்சி. பேஷி. பீச்சி.
முடியவில்லை.
பெக்கி என்று எழுதிக்கொண்டு
அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து
பெக்கி, வெந்நீர். பெக்கி, துண்டு.
பெக்கி, அந்த ஜன்னலைச் சாத்து, மழை.
டோபிக் கணக்கில்கூட பெக்கி.
ஹொக்கியன்காரி ஆ கிம் மட்டும் வாயைப் பொத்திச் சிரித்தாள்:
அவர்கள் பேச்சில் ஆ பெக் என்றால் கிழவனாம்.

ஓர் இரவு, வலி எவளுக்கும் வராத இரவு,
கெட்டிப்பால் தேநீரோடு மேட்ரன் வந்து உட்கார்ந்தாள்.
பெக்கி என்றால் மார்கரெட், தெரியுமா என்றாள்.
மார்கரெட் தேய்ந்து மெக்.
மெக், மெக் என்று நாலு தடவை கூப்பிட்டால்
நாக்குக்கு விளையாட்டு வந்து பெக்.
பெக்கைக் கொஞ்சினால் பெக்கி.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
மறுபடி விரல்விட்டு எண்ணிக் காட்டினாள்.
எங்கள் குவார்ட்டர்ஸில் சுப்பிரமணியம் சுப்பன் ஆனான்,
டப்பன் ஆகவில்லையே என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
எனக்கும் இங்கிலீஷ் அவ்வளவுதான்.

பேச்சி யாரென்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் அந்த வார்டில் எப்படிச் சொல்வது?
மடியில் கிடத்தியவளின் குடலை உருவியவள்.
பிள்ளையை மட்டும்
தரையில் படாமல் தூக்கிப் பிடித்தவள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம்
நிபோங் திபால் தோட்டத்திலிருந்து ஒருத்தி, தலைச்சன்.
விடிய விடியக் கத்தினாள்:
பேச்சி, தாயே, எங்கேடி போனே, வாடி!
பேசினோடு வராந்தாவில் நின்ற நான்
இதோ வந்துட்டேன் என்று ஓடினேன்.
யாரைக் கூப்பிடுகிறாள் என்றாள் மேட்ரன்.
என்னைத்தான் என்றேன்.
அவள் உதடு அந்தச் சொல்லுக்கு ஒருமுறை குவிந்தது.
அதற்குள் தலை தெரிந்துவிட்டது.

கப்பலேறிப் போனபின் ஒரே ஒரு கார்டு போட்டாள்.
பெக்கிக்கு என்று தொடங்கி
பெக்கி என்று கையெழுத்து.
பதினோரு வருஷம்
மேட்ரன், மேடம் என்றே இருந்தோம்.
அவளை அப்படிக் கூப்பிட
இந்தத் தீவில் ஒரு நாக்கும் இல்லை.
தன் காதில் விழட்டும் என்றுதான்
என்மேல் போட்டு வைத்தாளோ என்னவோ.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
கீழே எந்தப் பெயரைப் போடுவது என்று
இருபது நாள் யோசித்தேன்.
பிறகு நைட் ஷிப்ட் வந்துவிட்டது.