என் பக்கத்தில் பெடல் இல்லை

தூரத்துச் சக்கரம்தான் முதலில்.
பின்பக்கம், இடது.
வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கிறான் ஜெரோம்.
வெளியே தெரிவது முழங்காலும் ஒற்றைச் செருப்பும்.
மிதி, என்கிறான். மிதிக்கிறேன்.
புடி. பிடிக்கிறேன்.
நிப்பிள் திறந்ததும் கால் தானாக இறங்குகிறது,
ஈரச் சாக்கின்மேல் ஏறி நின்றதைப் போல.
வுடாதே, வுடாதே... ம், இப்ப வுடு.
குவார்ட்டர் பாட்டிலுக்குள் கறுத்த எண்ணெய்,
அதன் நடுவே காற்று
ஒவ்வொரு குமிழாக.

கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டார்கள்.
சரக்கு ரயில் கடக்கும்வரை
அவன் சொல்வது எதுவும் காதில் விழாது.
விழாவிட்டாலும் மிதித்த காலை எடுக்கக் கூடாது.
நாற்பத்திரண்டு வேகன்.
கன்டெய்னர் யார்டில் பெட்டி எண்ணுவது என் வேலை.
ஞாயிற்றுக்கிழமையும் எண்ணுகிறேன்.

எஸ்டீம், தொண்ணூற்றேழாம் வருடத்தது.
உப்புக்காற்று தின்ற பிரேக் லைனை உருவிப் போட்டுவிட்டு
புதுக் குழாயைத் தன் தொடையில் வைத்தே வளைத்தான்.
மாஸ்டர் சிலிண்டர் இப்போது இரண்டு,
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று,
இடையில் தராசுக்கோல் போல ஒரு கம்பி.
பூஸ்டர் எங்கே என்றேன்.
"இனிமே கால்தான் பூஸ்டரு."
ஃபெண்டரில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்ததற்கு
வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான்.
பெயின்டைத் தின்றுவிடுமாம்.

எனக்கு இது அந்நியமான சீட்.
ராலியில் நான் இடப்பக்கம்,
மடியில் நோட்டு, வாயில் அடுத்த வளைவு.
போன முறை, காபித் தோட்டத்து இறக்கத்தில்
"வலது மூணு, இறுகும், உள்ளே வெட்டாதே" என்றேன்.
தனசீலன் மிதித்தான்.
எண்ணெய் கொதித்துப்போயிருந்தது,
பெடல் தரைக்குப் போய் அங்கேயே கிடந்தது.
சில்வர் ஓக் ஒன்று என் பக்கத்துக் கண்ணாடியை
வாங்கிக்கொண்டு எங்களை விட்டது.
நானும் மிதித்தேன்.
என் பக்கத்தில் பெடல் இல்லை என்று
இந்தக் காலுக்கு ஏழு ராலியாக
யாரும் சொல்லவில்லை.

இடப்பக்கத் தரைத்தகட்டில் ஒரு குழி,
என் ஷூவின் முன்பாதி அகலம்.
மேட்டைத் தூக்கிய ஜெரோம் அதைப் பார்த்தான்.
சுத்தியலை எடுத்தான்.
என்னைப் பார்த்தான்.
"இது உன் பிரேக்கு, கொடி. நான் கை வைக்கல."

நான்கு சக்கரமும் முடிந்தபோது இருட்டிவிட்டது.
பெடல் கல்லாகியிருந்தது.
ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி
ஒரு கையால் முன்சக்கரத்தை உருட்டினான்,
மெதுவா மிதி, இன்னும் மெதுவா.
முன்னது பிடித்தது.
பின்னுக்கு ஓடினான். அது சுற்றிக்கொண்டிருந்தது,
இன்னும் ஒரு மூச்சு மிதித்தால் நிற்கும் என்பதைப் போல.
"அப்படித்தான் இருக்கணும்.
பின்னது முன்ன புடிச்சா வாலு தலைய முந்திக்கும்."

விடியற்காலை நாலு மணி, மாதவரம் யார்டு.
ஹார்பர் நைட் ஷிப்ட் சட்டையோடே வந்தான் தனசீலன்.
வாட்ச்மேனுக்கு டீயும் சமோசாவும்.
காலிப் பெட்டிகளுக்கு நடுவே தண்ணீர் ஊற்றி
முதல் ஓட்டம்.
வால் முந்தியது.
குமிழை முன்பக்கமாகக் கால் திருகு.
இரண்டாவது நேராக நின்றது, ஆனால் முனகியது.
அரைக்கால்.
மூன்றாவதில் டார்ச்சோடு குனிந்து
கோடுகளைப் பார்த்தான் ஜெரோம்,
முன்னது கறுப்பு, பின்னது சாம்பல்.
எதுவும் பேசாமல் கையை நீட்டினான்.
பையிலிருந்த மெரூன் நகப்பூச்சைக் கொடுத்தேன்.
குமிழில் ஒரு புள்ளி.

எப்படி, என்றான் தனசீலன்.
நல்லாருக்கு, என்றேன்.
மூன்று முறையும் நானும் மிதித்ததை,
கடைசி முறை அவனுக்கு முன்பே மிதித்துவிட்டதை
சொல்லவில்லை.

கேட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டத் தொடங்கின.
ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட்.